நடுப் பூ

ஜனவரி 11

அப்பாவுக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையும் பாதியில் வைக்கலாம்தான். ஆனால் வைத்தது எனக்குத் தெரியாது. அந்த வசதிக்காக எழுதுகிறேன்.

இத்துடன் வரும் பார்சலைக் கடையில் போட்டுவிடாமல் நீங்களே பிரியுங்கள். உள்ளே ஏழு மீட்டர் துணி இருக்கிறது. இந்த மில்லின் டிசைன் அறையில் பதினான்கு மாதமாக மற்றவர்கள் வரைந்த இலைகளைத் திருத்திக்கொண்டும், கரைகளுக்கு நிறம் பொருத்திக்கொண்டும் இருந்தேன். முதல் கோட்டிலிருந்து கடைசி நிறம் வரை நானே வரைந்து அச்சான முதல் துணி இதுதான். ஒன்றரைச் சாண் அகலத்தில் ஆரஞ்சுப் பூ. நடுவில் கறுப்பு. அந்தக் கறுப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி மேனேஜர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். நான் குறைக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பூ. கிட்டே வர வர நடுப்பகுதி உள்ளே இறங்கிப் போக வேண்டும். அதற்காக இதழ்களின் அடியில் மூன்று விதமான நிழல் வைத்திருக்கிறேன். எங்கள் கலர் மாஸ்டர் யாரையும் பாராட்டாத மனிதர். அவரே துணிமேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இந்தத் துணியை ஜன்னலோரத்தில் இருக்கும் அம்மாவின் நாற்காலிக்குப் போட வேண்டும். இதுதான் நான் கேட்பது.

அந்த நாற்காலியில் எத்தனை துணி என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முதுகு டாக்டர் வீட்டு சோபாவின் சாம்பல் துணி. இருக்கை ஓட்டல்காரரின் மெரூன் ரெக்சின். ஒரு கை யாரோ வக்கீலுடையது, இன்னொரு கை சினிமா தியேட்டருடையது. ஊரில் எல்லோருக்கும் குஷன் போடுகிறவர் வீட்டில் நாலு பேரின் மிச்சத்தில் ஒரு நாற்காலி. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அம்மா ஒரு தடவை சொன்னாள்: "ஒரே துணில, பெருசா பூப் போட்டு, எனக்கு ஒரு நாற்காலி. அதுல உக்காந்து ஒரு டீ. போதும், அப்புறம் செத்தாலும் பரவால்ல." நீங்கள் வாயிலிருந்த ஆணியை எடுக்காமலே, "மொதல்ல ஊர்க்காரங்க உக்காரட்டும்" என்றீர்கள்.

ஆறு வயதில், முடித்து வைத்திருந்த ஒரு சோபாவில் ஓடிப்போய் உட்கார்ந்ததற்காக முதுகில் ஒன்று வைத்தீர்கள். உரியவர் உட்காருவதற்கு முன்னால் குஷன்காரன் வீட்டு ஆள் உட்காரக் கூடாது என்பது உங்கள் சட்டம். அந்தச் சட்டப்படியே இதில் முதலில் அம்மா உட்காரட்டும்.

நான் கிளம்பிய அன்று நீங்கள் கடையை விட்டு வெளியே வரவில்லை. அதைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

துணியைப் பார்த்து அம்மா என்ன சொன்னாள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜனவரி 24

மகளுக்கு,

பார்சல் வந்தது. நனையவில்லை.

துணி கெட்டி. நெசவில் குறை இல்லை. ஆனால் பூ இரண்டடிக்கு ஒரு முறைதான் திரும்பி வருகிறது. இந்த மாதிரித் துணியில் பாதி வெட்டிலேயே போய்விடும். ஏழு மீட்டர் போதாது என்று எழுதத்தான் நினைத்தேன். அளந்து பார்த்தேன், போதும்.

உன் அம்மா நன்றாக இருக்கிறாள். பகலில் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறாள். துணியைக் காட்டினேன். நல்லது என்றாள்.

நீ கிளம்பிய அன்று எனக்குக் கடையில் வேலை இருந்தது. நீயும் ஒன்றை யோசித்துப் பார். அம்மாவுக்குத் தலையில் ஏதோ கோளாறு, டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரு மாதம் வீட்டை இரண்டாக்கியவள் நீ. உண்மையில் அப்படி நினைக்கிறவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக மாட்டாள். நீ போனாய். அதனால் கோளாறு எதுவும் இல்லை என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

வாடிக்கையாளர் வேலை தேங்கிக் கிடக்கிறது. நாற்காலியை இப்போது தொட முடியாது. துணியை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அப்பா


பிப்ரவரி 2

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டீர்கள். அம்மா பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடுவதுகூட அடுப்பில் சாய்ந்து நின்றுகொண்டுதான். இரண்டாவது, அம்மா வாயிலிருந்து "நல்லது" என்ற சொல் வராது. ரொம்பப் பிடித்துப்போனால் "பரவால்ல" என்பாள். அந்த "நல்லது" நீங்கள் சொன்னது.

பிறகுதான் எதிர்வீட்டு டெய்லரக்காவுக்குப் போன் செய்தேன். அவர் சொல்ல விரும்பவில்லை. நான்தான் பிடுங்கினேன். போன வாரம் ஒரே காலையில் அம்மா மூன்று தடவை அவர் கடைக்குப் போயிருக்கிறாள். என் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க. மூன்றாவது தடவை டெய்லரக்கா டேப்பை எடுத்துத் தன் மேலேயே வைத்து அளந்து, நோட்டில் எழுதிக் காட்டி அனுப்பினாராம். எனக்கு இருபத்தாறு வயது, அப்பா.

நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் சரி. கோளாறு என்று தெரிந்துதான் போனேன். கூடவே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கப் பயந்து போனேன். வேலை ஒரு காரணமாகக் கிடைத்தது. இதை நேரில் என்னால் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் அன்று வெளியே வந்திருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவளை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாற்காலியையும் முடித்துக் கொடுங்கள். என்னை மறப்பதற்குள் அவள் அதில் ஒரு டீ குடிக்கட்டும். யார் அனுப்பியது என்று நீங்கள் சொன்னால் தலையாட்டுகிற அளவுக்காவது அவள் மிச்சம் இருக்கும்போது. வேறொன்றும் கேட்கவில்லை.

மகள்


பிப்ரவரி 19

பட்டனுக்கு,

டாக்டரிடம் காட்டினேன். மறதி நோய் என்றார். தலைக்குள் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து காட்டினார். பிய்ந்த ஸ்பிரிங் மாதிரி இருந்தது. உனக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பே தெரிந்ததை எனக்கு ஒருவர் படம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான் இதைப் பற்றி.

நாற்காலியைப் பிரித்துவிட்டேன். எப்படியும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. இருக்கையில் ஈரம் இறங்கி நார் வரைக்கும் போயிருந்தது. எதனால் என்று கேட்காதே. அவளிடம் நான் கேட்டதில்லை. வெயிலில் நாலு நாள் காய வைத்தும் வாடை போகவில்லை. நாரை எறிந்துவிட்டுப் புது நாடா இழுத்து, புது நார், மேலே கெட்டி ஃபோம் போட்டேன்.

உன் துணியைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய பூ இருக்கும் துணியில் ஆள் திறமை இரண்டு இடத்தில்தான் தெரியும், முதுகின் நடு, இருக்கையின் நடு. அங்கே பூ நேராக உட்கார்ந்தால் நாற்காலி. தள்ளிப் போனால் மூட்டை. இருக்கையில் மூலைக்கு மூலை நூல் கட்டி, இரண்டு நூலும் வெட்டும் இடத்துக்கு அடியில் அந்தக் கறுப்பைக் கொண்டு வந்தேன். ஆணி அடித்து முடித்த பிறகு பார்த்தால் அரை விரல் இடப்பக்கம் தள்ளியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரித்துவிட்டு மறுபடி அடித்தேன். இப்போது குண்டூசி முனை அளவுகூடத் தள்ளவில்லை.

அந்தக் கறுப்பில் என்ன வித்தை செய்திருக்கிறாய்? நின்று பார்த்தால் எனக்கே உள்ளே போகிறது. கை வைத்தால்தான் தட்டை என்று தெரிகிறது. கெட்டிக்காரிதான்.

இன்று மத்தியானம் வேலை முடிந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்ததோடு சரி, நான் உட்காரவில்லை. அவள் தூங்குகிறாள். நாளைக்குச் சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்து உட்கார வைக்கிறேன். என்ன சொன்னாள் என்று எழுதுகிறேன். இந்தத் தடவை அவள் சொன்னதையே எழுதுகிறேன்.

நல்லா வந்திருக்கு.

அப்பா


பிப்ரவரி 27

அப்பா,

உங்கள் கடிதத்தின் முதல் சொல்லைப் பார்த்துவிட்டு மீதியைப் படிக்க நேரமாகிவிட்டது. என்னைப் பட்டன் என்று கூப்பிட இந்த ஊரில் யாருமில்லை. சோபாப் பட்டன் அளவு பிறந்தேன் என்று நீங்கள்தானே வைத்தீர்கள்.

"நல்லா வந்திருக்கு" என்ற வரியைக் கலர் மாஸ்டரிடம் காட்டினேன். உங்கள் அப்பா ரொம்பப் பேசுவார் போலிருக்கிறதே என்றார்.

மார்ச் இரண்டாவது வாரம் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்துவிடும்.

அம்மா உட்கார்ந்தாளா? என்ன சொன்னாள்? "பரவால்ல" என்றாளா? ஒரு வாரமாகத் தபால் பெட்டியை இரண்டு வேளையும் திறந்து பார்க்கிறேன். எழுத விடாமல் வேலை குறுக்கே வந்திருந்தால் ஒரு கார்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிப் போடுங்கள்.

பட்டன்


மார்ச் 6

பட்டனுக்கு,

டெய்லரக்கா இதற்குள் போனில் சொல்லியிருப்பாள். நான் பேசினால் சரியாக வராது என்று அவளிடம் விட்டேன்.

உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, வராந்தாக் கடைசியில் கட்டில். விழித்திருக்கும்போது விழித்திருக்கிறாள்.

லீவை முன்னால் போட முடிந்தால் போடு. சாவி டெய்லரக்காவிடம் இருக்கும். வீட்டில் எதையும் ஒழுங்குபடுத்த வேண்டாம். நாற்காலியின் மேல் தூசி விழாமல் பெட்ஷீட் கட்டி வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

அப்பா


மார்ச் 29

அப்பா,

ஒன்பது நாள் ஒரே வராந்தாவில் இருந்தோம். நீங்கள் காலையில் வந்து மத்தியானம் போனீர்கள், நான் மத்தியானம் வந்தேன். மாறிக்கொள்ளும்போது சாப்பாட்டுக் கூடையைக் கைமாற்றியதைத் தவிர நாம் பேசவில்லை. நான் கிளம்பும்போது மட்டும் பஸ் ஏறும் வரை நின்றீர்கள். அதற்காக எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத வேண்டும். ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவது வேறு.

அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. டிரிப்ஸ் மாற்ற வருகிற பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மரியாதையாகப் பேசினாள். நாலாம் நாள் என் கையைப் பிடித்து இழுத்து, குனியச் சொல்லிக் காதில் சொன்னாள்: "எம் பொண்ணு ஊர்லேர்ந்து வருவா. வந்தா சொல்லிடுங்க, அந்த நாற்காலிப் பக்கம் போக வேணாம்னு. அதுல கிணறு இருக்கு. அவ ஓடி வந்து தொப்புன்னு உக்கார்ற பிள்ள."

சொல்லிவிடுகிறேன் என்றேன். ஏதோ உளறல் என்றுதான் நினைத்தேன்.

ஆறாம் நாள் வாக்கரைக் கொடுத்து நடக்க வைத்தார்கள். கழிவறை வாசலில் கறுப்பு ரப்பர் மிதியடி கிடந்தது. அதன் முன்னால் வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். நான் மெதுவாகத் தள்ளப் பார்த்தேன். அங்கே இருந்த தடித்த நர்ஸ் என் கையைத் தட்டிவிட்டு, "தள்ளாதீங்க. இந்த நோய்க்காரங்களுக்குக் கறுப்பா எது கெடந்தாலும் குழியாத்தான் தெரியும். நம்ம கண்ணு வேற, அவங்க கண்ணு வேற" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே அந்த மிதியடிமேல் ஏறி நின்று, இரண்டு தடவை குதித்துக் காட்டினார். அவ்வளவு பெரிய உடம்பு குதித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகு அம்மா காலை எடுத்து வைத்தாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, அப்பா. இங்கே வந்து நேற்று என் மேஜைமேல் அந்தத் துணியை விரித்தேன். இரண்டாவது முறை அச்சுப் போட ஆர்டர் வந்திருக்கிறது. விரித்துவிட்டு எழுந்து நின்று, மேலிருந்து பார்த்தேன். உட்காரப் போகிறவர் பார்ப்பது போல.

நாற்காலியில் நீங்கள் கட்டியிருந்தது தூசிக்குக் கட்டுகிற கட்டு இல்லை. நாடாவை நாலு சுற்றுச் சுற்றி அடியில் முடிச்சுப் போட்டிருந்தீர்கள். குளியலறைத் தரையை நான் தேய்த்துக் கழுவினேன். சொரசொரப்பான சிமெண்டுத் தரை. அதில் யாரும் வழுக்க முடியாது.

அம்மா எங்கே விழுந்தாள்?

பட்டன்


ஏப்ரல் 8

பட்டனுக்கு,

நாற்காலிக்குப் பக்கத்தில்தான் விழுந்தாள்.

முதல் நாள் டீயை ஆற்றிக் கையில் கொடுத்துக் கூட்டி வந்தேன். இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, நாற்காலில கிணறு தோண்டி வச்சிருக்கீங்க" என்றாள். நான் சிரித்தேன். உன் பொண்ணு அனுப்பிய பூ, அவளே வரைந்தது என்று சொன்னேன். தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். டீ டம்ளரில் கிடந்த ஸ்பூனை எடுத்து அதற்குள் போட்டாள். புது ஃபோம் இல்லையா, சத்தம் வரவில்லை. "பாருங்க, சத்தமே வரல. அவ்ளோ ஆழம்" என்றாள். நான் ஸ்பூனை எடுத்துக் காட்டுவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாள் நின்றுகொண்டே இருந்தாள். பகலில் கட்டிலில் உட்கார மாட்டாள், யாரோ நோயாளியுடைய கட்டில் என்பாள். கடை ஸ்டூலில் உட்கார வைத்தால் பின்பக்கம் சாய்கிறாள். பழக்கமெல்லாம் அந்த நாற்காலி ஒன்றுதான். அதைச் சுற்றிச் சுற்றி வருவாள். நான் கிட்டே போனால் கையைப் பிடித்து இழுப்பாள். கால் இரண்டும் வீங்கிவிட்டது.

ஒரு பெட்ஷீட் போட்டு மூடியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. உன் துணியை மூட மனம் வரவில்லை. அதைவிட, குண்டூசி முனை தள்ளாமல் வைத்த என் வேலையை மூட மனம் வரவில்லை. பழகிவிடுவாள் என்று நினைத்தேன். நீ வருவதற்குள் அவள் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் கோபம் வந்துவிட்டது. உன் பொண்ணு ஆசை ஆசையாக அனுப்பியிருக்கிறாள், மனுஷியா நீ என்று கத்தினேன். தோள் இரண்டையும் பிடித்து உட்கார வைத்து அழுத்தினேன். அவள் கத்தவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து என்னைப் பின்னால் தள்ளினாள். "நீங்களும் வந்துடாதீங்க, நீங்களும் வந்துடாதீங்க" என்று சொன்னாள். நான் விடவில்லை. உடம்பை முறுக்கி, நாற்காலியின் கைக்கு மேலாகச் சரிந்து தரையில் விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

கறுப்பை வரைந்தது நான்தானே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். உன்னை எனக்குத் தெரியும். எழுதாதே. துணி யாரையும் தள்ளவில்லை. தள்ளியது என் கை.

நர்ஸ் ஏறி நின்று காட்டியதாக எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தாண்டி உன் கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், தினமும் இரண்டு வேளை உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். மூன்று மீட்டர் துணி அனுப்பு. ஒரே நிறத்தில். பூ வேண்டாம், கோடு வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அப்பா


ஏப்ரல் 15

அப்பா,

மூன்று மீட்டர் அனுப்பியிருக்கிறேன். வெளிர் மஞ்சள். நம் வீட்டுத் தரை சாம்பல் என்பதால் நாற்காலி தரையோடு கலக்காமல் தனியாகத் தெரிய வேண்டும் என்று அந்த நர்ஸ் போனில் சொன்னார். ஆறு நிறத்தைத் தரையில் விரித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றி நடந்து பார்த்தேன். அறையில் இருந்தவர்கள் எனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். இந்த மஞ்சளில்தான் எதுவுமே இல்லை.

நீங்கள் எழுதாதே என்றதை எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த அன்று மேனேஜரிடம் போனேன். நடுவில் இருக்கும் கறுப்பை எடுத்துவிட்டு இதழின் நிறத்தையே போடுகிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். முழுவதையும் இல்லை, சொல்லக்கூடிய அளவு. அவர் நல்ல மனிதர், வருத்தப்பட்டார். பிறகு, "அந்தக் கறுப்பு இல்லன்னா அது என்னம்மா பூ? அதுதான் விக்குது" என்றார். இரண்டாவது அச்சு நேற்று போய்விட்டது. அடுத்தது நீலத்தில் வருகிறது. எந்தெந்த வீட்டில், யார் யாருடைய நாற்காலிக்கு என்று எனக்குத் தெரியாது. அங்கெல்லாம் உங்கள் அளவுக்குச் சரியாக நடுவில் வைக்கத் தெரியாத குஷன்காரர்கள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மே முதல் வாரம் வருகிறேன். இந்தத் தடவை திரும்பும் தேதியை யாரிடமும் சொல்லவில்லை.

மஞ்சளை இழுத்து அடிக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். அவள் பார்க்கப் பார்க்கப் பூ மறையட்டும். கிணற்றை மூடுகிறோம் என்று சொல்லுங்கள்.

பட்டன்


மே 20

பட்டனுக்கு,

நீ ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. சாமானெல்லாம் கட்டிக்கொண்டு வர ஒரு மாதம் ஆகும் என்றாய். வா. வராவிட்டாலும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருக்கும் வரை அந்த மேனேஜரிடம் வாரத்துக்கு ஒரு முறையாவது கறுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இரு. சலித்துப்போய் மாற்றுவார்.

மஞ்சள் துணிப் பார்சல் நீ இருந்தபோது கதவுக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன மறுநாள்தான் வந்தது என்பதால் நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை. நேற்றுப் பிரித்தேன். நல்ல மஞ்சள். நீ சொன்னது சரி, அதில் எதுவும் இல்லை.

போட்டுவிடலாம் என்று நாற்காலியின் கட்டை அவிழ்த்தேன். கவிழ்த்து வைத்து அடியில் இரண்டு ஆணி பிடுங்கினேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. யாருக்காகப் போடுகிறேன்? திரும்ப நிமிர்த்தி வைத்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் உன் பூ அப்படியே புதுசாக இருந்தது. இருக்கையில் ஒரு மடிப்பு இல்லை. நாற்பது வருஷத்தில் நான் முடித்து, உரியவர் உட்காராமல் போன நாற்காலி இது ஒன்றுதான். அவள் நின்ற இடத்தில், இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அது ஆழமாகத்தான் இருந்தது.

பிறகு பக்கத்தில் போய் நடுவில் கையை வைத்தேன். அடி இருந்தது. திரும்பி, நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அந்த நர்ஸ் மிதியடியில் ஏறிக் காட்டியது போல, அதில் உட்கார்ந்தேன். சாய்ந்தேன். எழுந்தேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்பா